‘இனம்’ என்னும் சொல்: உயிரியற் கலைச்சொல்லாக்கமும் கருத்துநிலையும்

தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கம் பற்றி இதுகாறும் நிகழ்ந்துள்ள விவாதங்கள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. பிறமொழிச் சொல்லை ஒலிபெயர்த்து ஏற்பதா, வடசொல்லை ஆள்வதா, தனித்தமிழ்ச் சொல்லைப் படைப்பதா என்பதே அவ்வினா. ஒட்சிசன் என்பதா, பிராணவாயு என்பதா, உயிர்வளி என்பதா எனத் தலைமுறை தலைமுறையாக வாதிட்டு வந்துள்ளோம். இவ்வாதத்தின் சமூகப் பின்னணி ஆராயத்தக்கதே. ஆயினும் இது சொல்லின் பிறப்புப் பற்றிய வாதமேயன்றிச் சொல்லின் தொழிற்பாடு பற்றிய வாதமன்று. ஒரு சொல் எம்மொழியிலிருந்து வந்தது என்பதிலும் பார்க்க, வந்தபோது அது எக்கருத்தை உடன்கொணர்ந்தது, எக்கருத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது என்பதே முதன்மையாக நோக்கற்பாலது.

இவ்வினாவை ‘இனம்’ என்னும் ஒரு சொல்லை மையமாகக் கொண்டு எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும். உயிரியல், கணிதம், மெய்யியல், மொழிபெயர்ப்பியல் ஆகிய நான்கு துறைகளும் இச்சொல்லிலே வந்து சந்திக்கின்றன. இலக்கிய மாணவர் உயிரியலிலே தலையிடுவது தகுமா எனக் கேட்கப்படலாம். சொல்லின் பொருளை ஆராய்வது எமது தொழில். அச்சொல் ஆய்வுகூடத்தில் வழங்குகின்றது என்பதற்காக அத்தொழிலைக் கைவிடவேண்டிய நியாயமில்லை.

தமிழில் மேலைத்தேய விஞ்ஞானத்தை எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்திற்குப் புதியதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து பணியாற்றிக் கட்டர், துருவிற், கிறே ஆகியோரின் மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். 1860களிலே தமிழ்மூலம் மருத்துவம் போதித்தார். 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். 1950களிலிருந்து இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கிறீனுக்கு மதப்பணி நோக்கமிருந்தது. விபுலாநந்தருக்குத் தமிழ் மறுமலர்ச்சி நோக்கமிருந்தது. திணைக்களத்திற்குச் சுயமொழிக் கல்வியை நடைமுறைப்படுத்தும் அவசரமிருந்தது. மூன்று நோக்கங்களும் மூன்று வகைச் சொற்களைத் தந்தன. நமது பாடநூல்களின் கலைச்சொற்கள் பெரும்பாலும் மூன்றாவது முயற்சியின் பேறுகளாகும். கலம், இழையம், நிறமூர்த்தம், ஒளித்தொகுப்பு, தொடை, தாயம், காவி முதலிய சொற்கள் கற்றோர் நாவிலே பழகி, தமிழகத்தாரின் செல், திசு, குரோமோசோம், ஒளிச்சேர்க்கை, கணம், அணி, திசையன் என்பவற்றினின்றும் வேறான ஒரு வழக்கைத் தோற்றுவித்துள்ளன. இவ்வேறுபாட்டைக் குறையாகக் கருதுவோர் பலர். எமக்கு அது ஒரு வாய்ப்பாகத் தோன்றுகின்றது. ஒரே கருத்துக்கு இரு சொற்கள் இருக்குமிடத்து, ஒவ்வொன்றும் எதனை வலியுறுத்துகின்றது என்பது எளிதிற் புலனாகும்.

*

சொற்கள் கருத்துநிலையைக் காவிச் செல்லும் விதத்திற்கு டார்வினின் நூல் மொழிபெயர்க்கப்பட்ட வரலாற்றிலும் சிறந்த சான்றைக் காண்டலரிது. 1859இல் வெளியான அந்நூலின் முதற்பதிப்பிலே நாம் இன்று ‘எவொலூஷன்’ எனக் குறிக்கும் பெயர்ச்சொல் இடம்பெறவில்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் இறுதிச் சொல்லாக நிற்கின்றது. 1872இன் ஆறாம் பதிப்பிலேயே பெயர்ச்சொல் நுழைந்தது. டார்வின் தயங்கியமைக்குத் தக்க காரணமுண்டு. இலத்தீனிலே சுருளை விரித்தல் என்னும் பொருளுடைய அச்சொல், பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவியலாளர் சிலரால், முழு உருவமும் வித்தினுள்ளே முன்னரே அடங்கிக் கிடந்து பின் விரிகின்றது என்னும் கொள்கையைக் குறிக்க ஆளப்பட்டது. முன்னர் இல்லாதது தோன்றுகின்றது என்று கூறவந்தவருக்கு, முன்னர் இருந்தது விரிகின்றது என்னும் சொல் எவ்வாறு உதவும்?

1860இல் ஹைன்றிக் புறொன் செய்த ஜேர்மன் மொழிபெயர்ப்பிலே, நூலின் துணைத்தலைப்பில் ‘சாதகம் பெற்ற’ என்ற கருத்திலிருந்த அடைமொழி ‘நிறைவாக்கம் பெற்ற’ என்ற கருத்துடையதாக மாறிற்று. சூழலால் ஏற்பட்ட தற்செயலான சாதகம், உள்ளார்ந்த மேன்மையாகி விட்டது. மனிதனது தோற்றத்தின்மீதும் ஒளி பாயும் என்ற பொருள்பட டார்வின் எழுதிய வாக்கியத்தைப் புறொன் விட்டுவிட்டார். தமது ஐயங்களை ஓர் அதிகாரமாக நூலின் இறுதியிற் சேர்த்தார். 1862இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த கிளெமன்ஸ் றோயர் தலைப்பிலேயே ‘முன்னேற்ற விதிகள்’ என்ற தொடரை இணைத்ததுடன், மதகுருமாரைச் சாடும் நெடிய முன்னுரையொன்றையும் எழுதினார். 1898இல் யென் பூ சீனமொழியிலே தந்தது டார்வினை அன்று, ஹக்ஸ்லியை. இயற்கையின் போக்கு வேறு, மானிட அறத்தின் போக்கு வேறு என வாதிட்ட ஹக்ஸ்லியின் நூலிடையே ஸ்பென்சரின் கருத்துகளைத் தமது உரையாகப் பெய்து, நாடுகளுக்கிடையிலான வாழ்க்கைப் போராட்டம் பற்றிய எச்சரிக்கையாக அதனை மாற்றினார் யென் பூ. 1895இல் யப்பானிடம் தோற்றுத் தலைகுனிந்திருந்த சீனத்தின் படித்த வர்க்கத்தினர் அதனை அவ்வாறே படித்தனர்.

இவர்களை மூலத்துக்குத் துரோகம் இழைத்தோர் எனக் கண்டித்து அப்பாற் செல்வது எளிது. அது விமர்சனமாகாது. மூவரும் தத்தம் சமூகத்தின் தேவைக்கேற்பவே ஒரு நூலை வாசித்தனர். மேலும், மூலமே சமூகத்தின் சாயலற்றதாக இருக்கவில்லை. விலங்குகளிடையிலும் தாவரங்களிடையிலும் டார்வின் தமது ஆங்கிலச் சமூகத்தையே, அதன் தொழிற்பிரிவையும் போட்டியையும் மால்தூசியப் போராட்டத்தையுமே, காண்கிறார் என மார்க்ஸ் 1862இல் ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதத்திலே குறிப்பிட்டார். ஏங்கெல்ஸ் இதனை மேலும் நுட்பமாக்கினார்: சமூகத்திலிருந்து இயற்கைக்குக் கொண்டு செல்லப்பட்ட கருத்துகள், பின்னர் இயற்கையின் மாறா விதிகள் என்ற முத்திரையுடன் சமூகத்திற்கே மீட்டுக் கொணரப்படுகின்றன. இந்த இருவழிப் பயணத்தை மனங்கொள்க. ‘இனம்’ என்னும் சொல்லும் இவ்வாறே பயணஞ் செய்துள்ளது.

தமிழ் என் செய்தது? தமிழகத்திலே ‘பரிணாமம்’ நிலைபெற்றது. சாங்கிய தரிசனத்திலே காரணத்துள் அடங்கிக் கிடந்த காரியம் வெளிப்படுதலே பரிணாமம். டார்வின் எதனை அஞ்சினாரோ அதே பொருளை வடமொழி மெய்யியலிலிருந்து நாம் தேடிப்பிடித்துக் கொண்டோம். இலங்கையிலோ ‘கூர்ப்பு’ என்பது வழங்குகின்றது. தனித்தமிழ்ச் சொல், தொல்காப்பிய உரியியலின் ஆட்சி பெற்றது. ஆயின் அங்கு அதற்கு வகுக்கப்பட்ட பொருள், உள்ளது சிறத்தல் என்பதாகும். சிறப்பு வந்தவிடத்து முன்னேற்றம் வந்துவிடுகின்றது. குகையில் வாழ்ந்து கண்ணிழந்த மீனும் இயற்கைத் தேர்வின் விளைவே. அது சிறந்ததா, குறைந்ததா? (அதே நூற்பாவில் கூர்ப்புடன் ‘கழிவு’ என்னும் சொல்லும் அதே பொருளில் இணைந்து நிற்கின்றது. இன்றைய வழக்கில் கழிவு என்பதன் பொருளை எண்ணின், கூர்ப்பும் கழிவும் சேர்ந்ததே டார்வினின் கொள்கை எனலாம். நமது சொல்லாக்கக்காரர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டனர்.) ‘கூர்தலறம்’ என எழுதியோரும் உளர். இயற்கையின் குருட்டுப் போக்கிற்கு அறமும் வாய்த்துவிட்டது! தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்தமையைக் காட்டி டார்வினுக்கு முன்னரே கூர்ப்புக் கொள்கையைக் கண்டோம் எனப் பெருமிதங் கொள்ளுங் கட்டுரைகளும் இம்மனநிலையின் விளைவுகளே. வரிசைப்படுத்தல் வேறு, ஒன்று மற்றொன்றாக மாறிய வரலாற்றைக் கூறல் வேறு.

*

இப்பொழுது பாகுபாட்டுச் சொற்களுக்கு வருவோம். நமது உயிரியற் பாடநூலைத் திறக்கும் மாணவர் காணும் படிநிலை இது: கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். ஒரு சமூகவியலாளர் இவ்வரிசையைக் கண்டால் தாம் உயிரியல் நூலைத்தான் கையிலெடுத்தோமா எனத் திகைப்பார். வருணமும் சாதியும் தென்னாசியச் சமூகத்தின் ஒடுக்குமுறைப் படிநிலைகளின் பெயர்கள். அவை தேரையையும் தென்னையையும் வகுக்கும் பெயர்களாக எவ்வாறு அமைந்தன?

இதிலே திட்டமிட்ட சதியெதனையும் காணவேண்டியதில்லை. இந்தியத் தருக்க மரபிலே சாதி என்பது பலவற்றுக்குப் பொதுவான இயல்பைக் குறிக்கும். எல்லாப் பசுக்களிலும் உள்ள பசுத்தன்மை எதுவோ அதுவே சாதி. நையாயிகருக்கு அது நித்தியமானது, தனிப்பசுக்கள் தோன்றி மறையினும் மறையாதது. லின்னேயசின் பாகுபாடும் அரிஸ்டோட்டிலியத் தருக்கத்தின் பேரினம், சிற்றினம் என்னும் கருத்துகளையே அடியாகக் கொண்டது. எனவே மொழிபெயர்த்தோர் ஒரு தருக்கச் சொல்லுக்கு மற்றொரு தருக்கச் சொல்லைப் பொருத்தினர். அவ்வளவில் அது பிழையன்று. ஆயின் டார்வினால் தகர்ந்தது இந்த நித்தியப் பொதுமைக் கருத்தேயாகும். எர்ண்ஸ்ட் மேயர் 1959இல் இதனைத் தெளிவாக வரையறுத்தார். மாதிரியுருச் சிந்தனைக்கு மாதிரியுருவே உண்மை, தனியுயிர்களின் வேறுபாடு வெறும் பிறழ்வு. குடித்தொகைச் சிந்தனைக்கோ வேறுபாடே உண்மை, சராசரி என்பது நாம் கணித்தெடுக்கும் ஓர் எண் மட்டுமே. சமூகத்திலே சாதியைப் பிறப்பின் மாறாத் தன்மையாகக் கருதிப் பழகிய ஒருவருக்கு, உயிரியலிலும் சாதி என்னும் சொல் மாதிரியுருச் சிந்தனையையே கற்பிக்கும்.

எல்லாச் சொற்களும் இவ்வாறு ஏமாற்றுவன அல்ல. பரம்பரையலகில் நிகழும் மாற்றத்தை நமது நூல்கள் ‘விகாரம்’ என்கின்றன. பேச்சு வழக்கிலே அது அவலட்சணத்தைக் குறிப்பதால் பொருத்தமற்றதெனச் சிலர் குறைகூறுவர். ஆனால் தமிழ் இலக்கணம் கற்றவர் விகாரம் மூன்று என்பதை அறிவர்: தோன்றல், திரிதல், கெடுதல். டீ.என்.ஏ. சங்கிலியிலே ஓர் அலகு புதிதாகச் செருகப்படுவதும், ஒன்று வேறொன்றாக மாறுவதும், ஒன்று நீங்குவதும் இம்மூன்றேயாம். இச்சொல்லைத் தெரிந்தவர்கள் இதனை எண்ணினரோ இல்லையோ, புணரியலின் சொல் உயிரியலிலே பிழையறப் பொருந்தி நிற்கின்றது. புணர்ச்சி விகாரத்திலே இழிவும் இல்லை, உயர்வும் இல்லை. சூழல் மட்டுமே உண்டு.

‘இனம்’ என்பதன் வரலாறு இதனிலும் சிக்கலானது. வல்லினம், மெல்லினம், இடையினம் என எழுத்துகளையும், ஆனினம் என மந்தையையும் குறித்த இச்சொல்லுக்குப் பழைய வழக்கிலே பிறப்புரிமைப் பொருள் கட்டாயமானதன்று. திருக்குறளின் ‘சிற்றினஞ் சேராமை’ அதிகாரத்திலே இனம் என்பது ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டத்தைக் குறிக்கின்றது. சேரவும் விலகவும் கூடியதுதானே கூட்டம்! (தமிழகப் பாடநூல்கள் உயிரியல் இனத்திற்குச் ‘சிற்றினம்’ என்னும் சொல்லையே ஆள்வது வள்ளுவரை அறிந்தோருக்குச் சற்று நகைப்பையூட்டும்.) காலனித்துவ காலத்திலேதான் இச்சொல்லின்மீது புதிய சுமை ஏற்றப்பட்டது. 1856இல் கால்ட்வெல் திராவிட மொழிக்குடும்பத்தை நிறுவினார். ஆரிய மொழி பற்றிப் பேசிய மக்ஸ் முல்லர் 1888இல், அம்மொழிப் பெயரை இரத்தத்திற்கும் மண்டையோட்டிற்கும் சூட்டலாகாதென வன்மையாக மறுத்துரைத்தார். அதற்குள் காலங் கடந்துவிட்டது. 1881இல் வேர்சோ வேடரின் மண்டையோடுகளைப் பற்றி எழுதினார். 1871 முதல் குடிசன மதிப்பீடுகள் இந்நாட்டு மக்களை ‘றேஸ்’ என்னும் தலைப்பின்கீழ் எண்ணின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் கணிப்புகளிலே கண்டிச் சிங்களவரும் கரைநாட்டுச் சிங்களவரும் வெவ்வேறாக எண்ணப்பட்டனர், பின்னர் ஒன்றாக்கப்பட்டனர். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பிரிப்பும் அக்காலத்ததே. இயற்கை வகுத்ததெனக் கருதப்பட்ட எல்லைகளை ஓர் எழுதுவினைஞரின் அட்டவணை இடம்மாற்றியது. சிங்கள அடையாளம் வரலாற்றிலே படிப்படியாக உருவாகி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆரியக் கொள்கையுடன் பிணைந்தவாற்றை ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் வெளியிட்ட கட்டுரை நிறுவியது. தமிழ் அடையாளம் பற்றியும் அத்தகைய கண்டிப்பான விசாரணை தேவை.

*

இங்குதான் கணிதம் தேவைப்படுகின்றது. 1972இல் அமெரிக்க மார்க்ஸிய உயிரியலாளர் றிச்சாட் லெவொன்ரின் (1929–2021) வெளியிட்ட, மனிதப் பல்வகைமையின் பங்கீடு பற்றிய கட்டுரை, அளவிற் சிறியது, விளைவிற் பெரியது. ஹபியுடன் இணைந்து 1966இல் பழ ஈக்களிலே மறைந்திருந்த பெரும் பரம்பரை வேறுபாட்டைக் கண்டறிந்தவர் அவர். இப்போது அவர் கேட்ட வினா எளிமையானது. மனிதரிடையே காணப்படும் பரம்பரை வேறுபாடு முழுவதையும் நூறு எனக் கொண்டால், அதில் எத்தனை பங்கு ஒரே குடித்தொகையைச் சேர்ந்தோரிடையே உள்ளது? எத்தனை பங்கு ‘றேஸ்’ எனப்படும் பெரும் பிரிவுகளுக்கிடையே உள்ளது?

இதனை அளக்க அவர் கையாண்டது தொடர்பாடற் பொறியியலுக்காக ஷனன் 1948இல் வகுத்த தகவல் அளவையாகும். அதன் உட்பொருளை ஓர் எடுத்துக்காட்டாற் காட்டலாம். ஒரு பரம்பரையலகுக்கு இரு வடிவங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒரு குடித்தொகையில் முதல்வடிவம் நூற்றுக்கு 60, மற்றையது 40. இன்னொரு குடித்தொகையில் இவை மாறி 40, 60 ஆகவுள்ளன. ஷனன் அளவைப்படி ஒவ்வொரு குடித்தொகையினதும் உள்வேறுபாடு 0.971. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் விகிதம் பாதிக்குப் பாதியாகி, அளவை 1 ஆகும். எனவே மொத்த வேறுபாட்டில் நூற்றுக்கு 97க்கு மேற்பட்டது உள்ளேயே இருக்கின்றது. இரு குடித்தொகைகளுக்குமிடையே உள்ளது 3க்கும் குறைவு. 60க்கும் 40க்குமிடையே பெரிய இடைவெளி இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். அளவை வேறு கூறுகின்றது.

லெவொன்ரின் 17 பரம்பரையலகுகளை எடுத்து, மனிதரை வழமையான முறையில் ஏழு பிரிவுகளாக்கிக் கணித்தார். நூற்றுக்கு 85.4 பங்கு குடித்தொகைகளின் உள்ளேயும், 8.3 பங்கு ஒரே பிரிவினுள் அடங்கும் குடித்தொகைகளுக்கிடையேயும், 6.3 பங்கு மட்டுமே பெரும்பிரிவுகளுக்கிடையேயும் அமைந்தன. 2002இல் றோசன்பேர்க்கும் பிறரும் 52 குடித்தொகைகளில், 377 குறிகளைக்கொண்டு நடத்திய ஆய்விலே உள்வேறுபாடு நூற்றுக்கு 93 முதல் 95 வரை என்று கண்டனர்.

இதற்கெழுந்த வலுவான மறுப்பு எட்வேட்ஸ் 2003இல் எழுதியதாகும். அதனை ஒதுக்கிவிட்டு லெவொன்ரினை மேற்கோள் காட்டுவது முற்போக்காளரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது, அது நேர்மையானதன்று. எட்வேட்ஸ் கூறுவது இதுதான். ஒவ்வொரு பரம்பரையலகையும் தனித்தனியே நோக்கினால் வேறுபாடு சிறிது; பலவற்றைச் சேர்த்து நோக்கினால் ஒருவர் எக்குடித்தொகையினர் என்று பெரும்பாலும் சரியாகக் கூறமுடியும். மேற்காட்டிய எடுத்துக்காட்டிலே ஓர் அலகை மட்டும் பார்த்து ஊகித்தால் நூற்றுக்கு 40 தடவை தவறுவோம். அதே 60, 40 விகிதமுடைய, ஒன்றையொன்று சாராத 101 அலகுகளைப் பார்த்துப் பெரும்பான்மையைக் கொண்டு ஊகித்தால் தவறு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டாகக் குறையும். கணக்குச் சரியே. றோசன்பேர்க்கின் தரவுகளும், உள்வேறுபாடு மிகப்பெரிதாக இருக்கும்போதே மக்களைப் புவியியற் கூட்டங்களாகப் பிரிக்க இடந்தந்தன.

இரு கணக்குகளும் ஒருங்கே சரியாயின் முரண்பாடு எங்குள்ளது? கணிதத்தில் இல்லை, கணிதத்திடம் கேட்ட வினாவில் உள்ளது. ஒருவரை அடையாளங்காண முடியுமா என்பது ஒரு வினா. அவ்வடையாளம் அவரைப்பற்றி வேறு எதனை விளக்குகின்றது என்பது இன்னொரு வினா. போதிய குறிகள் இருப்பின் நெடுங்காலம் அயல்மணம் குறைந்திருந்த இரு கிராமத்தாரைக்கூடப் பிரித்தறியலாம். அதனால் அவை இரு மானிட வகைகளாகிவிடா. பிரிக்கமுடிகின்றது என்பதிலிருந்து பிரிவு அடிப்படையானது என்ற முடிவுக்குத் தாவுவதே மெய்யியற் பிழை. எட்வேட்ஸ் தாமே அத்தாவலைச் செய்தாரெனக் கூறுதல் நியாயமாகாது. அவரை மேற்கோளாக்கியோர் பலர் செய்தனர். மறுபுறத்தே லெவொன்ரினிடமும் குறையுண்டு. தாம் மறுக்கவந்த பிரிவுகளையே, ‘தென்னாசியப் பழங்குடியினர்’ என்பது போன்ற பெயர்களுடன், அளவீட்டின் தொடக்கமாக அவர் ஏற்றுக்கொண்டார். பிரிவுகள் எங்கிருந்து வந்தன என்னும் வரலாற்று வினா அக்கட்டுரையிலே எழுப்பப்பட்டவளவு ஆழமாக விசாரிக்கப்படவில்லை.

அவ்விசாரணையை அவரும் றிச்சாட் லெவின்சும் 1985இல் வெளியிட்ட ‘இயக்கவியல் உயிரியலாளர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூல் முன்னெடுத்தது. அரசியல் காரணமாக வேலை மறுக்கப்பட்டு 1950களிலே புவேட்டோ றிக்கோவில் விவசாயம் செய்த லெவின்ஸ் கணிதமாதிரிகளின் மெய்யியலை ஆராய்ந்தவர். பொதுமை, யதார்த்தம், துல்லியம் ஆகிய மூன்றையும் ஒரே மாதிரி உச்ச அளவில் தரவியலாது, ஒன்றைப் பெற வேறொன்றை விடவேண்டியுள்ளது என்பது அவரது 1966ஆம் ஆண்டுக் கட்டுரையின் வாதம். (மொழிபெயர்ப்பாளருக்கும் இது பொருந்தும்.) பல விடயங்களில் தவறினும் முக்கியமானவற்றிலே சரியாக இருந்தவர் என்ற கருத்துப்பட இவர்கள் தம் நூலை ஏங்கெல்சுக்குக் காணிக்கையாக்கினர். நமது சூழலிலே மேலோரைக் குறிப்பிடும்போது முதற்பாதியை விட்டுவிடுவதே மரபு.

அந்நூலிலே லைசென்கோ பற்றிய அதிகாரம் ஒன்று உண்டு. 1948இல் சோவியத் வேளாண் விஞ்ஞானக் கழகத்தின் அமர்வு பரம்பரையியலைப் பூர்ஷ்வா விஞ்ஞானமெனக் கண்டித்ததும், அதற்கு முன்னரே வவிலோவ் 1943இல் சிறையில் இறந்ததும் மார்க்ஸியர் மறக்கக்கூடிய செய்திகளல்ல. சொல்லின் கருத்துநிலையை ஆராய்வது ஒன்று. சொல்லைச் சட்டத்தால் தண்டிப்பது மற்றொன்று. இக்கட்டுரை முதலாவதை மட்டுமே செய்யமுயல்கின்றது.

*

லெவொன்ரினின் 1972ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தமிழாக்க முனையும் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். உயிரியற் பாடநூலைப் பின்பற்றினால் ‘ஸ்பீஷீஸ்’ என்பது இனம். பத்திரிகை வழக்கையும் அரச ஆவணங்களையும் பின்பற்றினால் ‘றேஸ்’ என்பதும் இனம். 1980களில் நமது ஆய்வாளர்கள் ‘இனத்துவம்’ என்னும் சொல்லை வழக்கிற் கொணரும்வரை ‘எத்னிக்’ என்பதும் இனமே. ஆகவே அவரது முடிபு தமிழில் இவ்வாறு வரும்: இனத்தின் வேறுபாட்டில் நூற்றுக்கு ஆறே இனங்களுக்கிடையிலானது. பொருளற்ற வாக்கியம்! உலகெங்கும் இனவாதத்திற்கெதிராக எடுத்தாளப்பட்ட ஒரு முடிபு, அது மிகவும் வேண்டப்படும் மொழியொன்றிலே சொல்லமுடியாததாகி நிற்கின்றது.

நமது மாணவர் ஒரே நாளில் இரு பாடங்களிலே இச்சொல்லைக் கேட்கின்றனர். உயிரியல் ஆசிரியர், தம்முள் கலந்து வளமான எச்சங்களைத் தோற்றுவிக்கும் உயிர்களே ஓரினம் என்று கூறி, குதிரையும் கழுதையும் இருவேறு இனங்கள், அவற்றின் எச்சமாகிய கோவேறு கழுதை மலடு என்று விளக்குவார். அடுத்த பாடத்திலே, இந்நாட்டில் வாழும் இனங்கள் எவை என்று வினவப்படும். இரு பாடங்களையும் இணைத்து எந்த ஆசிரியரும் கற்பிப்பதில்லை. சொல் அவ்விணைப்பைத் தானே செய்துவிடுகின்றது. ‘இனக்கலப்பு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எழும் அருவருப்பிலே இவ்விணைப்பின் வேலையைக் காணலாம்.

இச்சொல் நடைமுறையிலே எத்துணைப் பொய்யானது என்பதை நமது வரலாறே காட்டியது. 1958இலும் 1983இலும் வன்செயலில் ஈடுபட்டோர், எதிர்ப்பட்டவர் தமிழரா என அறியச் சில சிங்களச் சொற்களை உச்சரிக்கும்படி கேட்டமை பல சாட்சியங்களிலே பதிவாகியுள்ளது. 1983இல் வீடுகளை இனங்காண வாக்காளர் பட்டியல்கள் பயன்படுத்தப்பட்டன. (‘இனங்காணல்’ என்ற வினையும் இங்கு எவ்வளவு இயல்பாக வந்து விழுகின்றது!) இரத்தத்தால் வேறுபட்டவர் எனக் கருதப்பட்டவரைக் கண்டறிய, ஒலியன்களின் வேறுபாடும் அரச எழுத்தும் தேவைப்பட்டன. முகம் போதவில்லை. மொழியும் ஆவணமும் படைத்ததொரு வேறுபாட்டை உயிரியலின் பெயரால் அழைத்தோம்.

இப்பழியைப் பேரினவாதிகள்மீதும் குறுந்தேசியவாதிகள்மீதும் மட்டும் சுமத்திவிட முடியாது. இடதுசாரி மொழிபெயர்ப்புகளும் விசாரிக்கப்படவேண்டியவை. தேசங்களின் சுயநிர்ணய உரிமை பற்றிய விவாதம் தமிழிலே ‘தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமை’ என்ற தொடரால் நிலைபெற்றது. ஸ்டாலின் 1913இல் எழுதிய நூலிலே தேசம் என்பது வரலாற்றால் உருவான ஒரு சமூகம், ‘றேஸ்’ அடிப்படையிலானதோ குலமரபு அடிப்படையிலானதோ அன்று என்பதே தொடக்க வாதமாகும். உரோமர், ஜேர்மானியர், எத்துருஸ்கர், கிரேக்கர், அராபியர் எனப் பலர் கலந்தே இத்தாலியத் தேசம் உருவாயிற்று என்பது அவர் காட்டும் சான்று. நமது வழக்குச் சொற்களைக் கொண்டு இவ்வாதத்தைத் தமிழாக்கினால், தேசிய இனம் என்பது இனம் அன்று என்று எழுதவேண்டிவரும். மூலம் முதல் அடியிலேயே வெளியேற்றிய கருத்தைத் தமிழ்த்தொடர் தன் பெயரிலேயே மீள அமர்த்திவிட்டது. பல்லாண்டுகளாக நாம் நடத்திய வாதங்களிலே எதிர்த்தரப்பினர் ‘தேசிய’ என்னும் அடைமொழியை எளிதிற் கழற்றிவிட்டு எஞ்சிய சொல்லைத் தமதாக்கிக்கொண்டமை வியப்பிற்குரியதன்று. சொல்லால் மட்டுமே அது நிகழ்ந்ததென நாம் கூறவில்லை. காணி, கல்வி, தொழில் ஆகியவற்றுக்கான போட்டியே அடிப்படை. ஆயினும் அப்போட்டி இரத்தத்தின் மொழியிலே பேசப்படுவதற்கு வேண்டிய சொல் ஆயத்தமாக இருந்தது. அதனை ஆயத்தஞ் செய்தவர்களுள் நம்மவரும் அடங்குவர்.

‘இனம்’ என்பதை உயிரியலினின்றும் நீக்கவேண்டுமெனச் சிலர் கூறலாம். நாம் மறுதலையாகக் கருதுகின்றோம். உயிரியலிலே அதற்குத் திட்டமான பொருள் உண்டு. அது அங்கேயே இருக்கட்டும். விலக்கவேண்டியது சமூக ஆய்விலிருந்தேயாகும். தேசத்திற்குத் ‘தேசிய சமூகம்’ என்பது போதும். இனத்துவம் என்ற சொல்லும் அதன் வேரிலே பழைய சிக்கலைக் கொண்டிருப்பதால், தற்காலிகமாகவே பயன்படத்தக்கது. ‘றேஸ்’ என்பதை மொழிபெயர்க்காது ஒலிபெயர்ப்பதே சாலச் சிறந்தது. அது நமதன்று, வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட காலத்திலே ஒரு குறிப்பிட்ட தேவைக்காக வந்தது என்பதை அதன் அந்நிய ஒலியே நினைவூட்டிக்கொண்டிருக்கும். ஒலிபெயர்ப்பை எதிர்க்கும் தூய்மைவாதிகள் இவ்வொரு சொல்லுக்கேனும் விலக்களிப்பார்களாக.

லெவொன்ரினின் அக்கட்டுரை தமிழாக்கப்படவேண்டும்; உயிரியலாளரும் கணிதவியலாளரும் தமிழ்த்துறையினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து செய்யத்தக்க பணி அது. சில பக்கங்களே. அட்டவணைகளுக்குத் தமிழ் இலக்கியப் பயிற்சி தேவையில்லை. கலைச்சொற்களுக்கு அது மிகவும் தேவை. அம்மொழிபெயர்ப்பிலே குடித்தொகை, புவியியற் பிரிவு, றேஸ் என்னும் சொற்கள் வேறுவேறாக நிற்க, ‘இனம்’ என்பது ஹோமோ சேப்பியன்ஸ் என்னும் பெயருக்கு மாத்திரமே உரியதாக, ஒருமையிலேயே வரவேண்டியிருக்கும்.